என் தம்பியின் தடுப்பாட்டம்

1

இன்று கல்லறைத் திருநாள். புதுச்சேரியில் உப்பளம் கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் சாமந்தியும் மெழுகுவர்த்தியும் விற்றுக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒஹையோவில் சாதாரண வேலைநாள். கார் உதிரி பாகங்கள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். காலை இடைவேளையில் காப்பிக் கோப்பையோடு உட்கார்ந்து கைப்பேசியைத் திறந்தேன். தம்பி மனைவி பிலோமினா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வெள்ளையடித்த சிலுவை, அதில் ஜெரோமின் பெயர், சுற்றிலும் பூ. காற்றில் மெழுகுவர்த்தி அணைந்துகொண்டே இருந்தது. அவள் கை அதை மறுபடி மறுபடி ஏற்றிக்கொண்டே இருந்தது. பின்னால் யாரோ ஒரு பெண், "மழ வர்ற மாரி இருக்குது, சீக்கிரம் ஜெபம் சொல்லிட்டு வாங்க" என்கிறாள். அத்தோடு வீடியோ முடிந்துவிட்டது.

ஜெரோம் என் ஒரே தம்பி. இந்த வருடம் தவக்காலம் தொடங்கும் முன் இறந்துபோனான். நாற்பத்தொரு வயது. அவன் அடக்கத்துக்கு நான் போகவில்லை. ஊரில் நிறையப் பேர் காரணம் கேட்டார்கள். ஃபோனில் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதப்போவதில் பெரும்பகுதி ஒரு வீடியோ கேமைப் பற்றி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வருடம் நானும் அவனும் அண்ணன் தம்பியாக வாழ்ந்தது அந்தத் திரைக்குள்தான்.

2

ஜெரோம் உழவர்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். சின்ன வயதில் பங்குக் கோயில் அணிக்குக் கால்பந்து ஆடியவன். எப்போதும் பின்வரிசையில்தான் நிற்பான். யாராவது முன்னால் போகச் சொன்னால், "எனக்கு அடிக்கத் தெரியாது, மறிக்கத்தான் தெரியும்" என்பான்.

சில வருடங்களுக்கு முன் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் மகள் க்ளாரா தன் பழைய கேம் பெட்டியைப் பையில் எடுத்து வந்திருந்தாள். சித்தப்பா வீட்டு டி.வி.யில் மாட்டி அமெரிக்க ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்தாள். ஜெரோம் சாப்பாட்டுத் தட்டோடு பின்னால் வந்து நின்றான்.

"இது என்னம்மா ஃபுட்பாலு? கையில தூக்கிட்டு ஓடறானுங்க!"

"அப்டித்தான் சித்தப்பா. நீ உக்காரு, நான் சொல்லித் தர்றேன்."

க்ளாராவுக்குத் தமிழில் எல்லோரும் 'நீ'தான். என் மனைவி ரெஜினா திருத்தப் போனாள். ஜெரோம் கையைக் காட்டித் தடுத்துவிட்டான்.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பந்து வைத்திருக்கிற அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் மறுபடி நான்கு கிடைக்கும். தடுக்கிற அணிக்கு இருப்பது ஒரே வேலை. அந்தப் பத்து கெஜத்தைக் கொடுக்காமல் இருக்க வேண்டும். பந்து கிளம்பும் முன், பதினோரு பேரில் யாராக நாம் ஆடப்போகிறோம் என்பதை ஒரு பட்டனால் மாற்றிக்கொள்ளலாம். கையில் பிடிக்கிற கன்ட்ரோலரில், கட்டைவிரலால் தள்ளுகிற இடது ஸ்டிக் நகர்வதற்கு. ஆள்காட்டி விரலால் அழுத்துகிற வலது ட்ரிக்கர் வேகமாக ஓடுவதற்கு. இடது ட்ரிக்கரைப் பிடித்துக்கொண்டால் எதிராளியின் முகத்தைப் பார்த்தபடியே பக்கவாட்டில் போகலாம். வலது ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் நம் ஆள் மோதி வீழ்த்துவான். இன்னொரு பட்டனுக்கு எம்பிப் பந்தைப் பறிப்பான்.

நாங்கள் கிளம்புவதற்குள் ஜெரோம் தடுப்பாட்டம் முழுவதையும் கற்றுக்கொண்டான். பந்து நம் அணிக்குக் கிடைத்ததும் கன்ட்ரோலரை க்ளாராவிடம் கொடுத்துவிடுவான். பந்து போனதும் திரும்ப வாங்கிக்கொள்வான். கிளம்புகிற அன்று க்ளாரா அந்தப் பெட்டியை அவனுக்கே விட்டுவிட்டு வந்தாள்.

3

இங்கே வளரும் பிள்ளைகளைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சண்டை கிடையாது, எதிர்த்துப் பேச்சும் கிடையாது. கதவு மட்டும் சாத்தியிருக்கும். பதினைந்து வயதில் க்ளாரா அப்படி ஆகிவிட்டாள். ஸ்கூல் எப்படி இருந்தது என்று கேட்டால் "குட்" என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டாலும் அதே "குட்". ரெஜினா மருத்துவமனையில் நர்ஸ். வார இறுதியில் அவளுக்கு எப்போதும் பகல் ஷிஃப்ட். சனிக்கிழமை காலையில் நான் ஹாலில் இருப்பேன், மகள் அறைக்குள் இருப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிரிப்பது கேட்கும்.

ஒரு நாள் ஜெரோம் ஃபோன் செய்தான். "அண்ணே, இந்த கேம்ல ஒரே டீம்ல மூணு பேரு சேந்து ஆடலாமாம். நெட்டு இருந்தாப் போதும். க்ளாராதான் பந்து நம்மகிட்ட இருக்கும்போது கேப்டன். தடுக்கறப்ப நானு. ஒரு ஆளு கொறையுது. நீ வா."

"எனக்கு என்னடா தெரியும்?"

"தெரிய வேணாம். சொன்ன எடத்துல நில்லு."

அங்கே சாயங்காலம் ஆகும்போது இங்கே காலை. சனிக்கிழமை காலையில் க்ளாரா தலையை வாரிக்கொள்ளாமல் அறையிலிருந்து வந்து சோபாவில் என் பக்கத்தில் உட்காருவாள். காதில் மாட்டியிருக்கும் கருவியில் ஜெரோமின் குரல் வரும். சில சமயம் அவன் பின்னால் கோயில் மணிச் சத்தமும் கேட்கும்.

நான் மோசமான ஆட்டக்காரன். யார் கையில் பந்து இருக்கிறதோ அவன் பின்னாலேயே ஓடுவேன். நான் விட்டுப்போன இடத்தில் இன்னொருவன் வந்து சாவகாசமாகப் பந்தை வாங்கிக்கொள்வான்.

"அண்ணே, ஒனக்கு நா குடுத்திருக்கறது ஒரு எடம், ஆளு இல்ல. சாயங்காலம் பீச் ரோட்ட மூடிட்டு போலீஸ்காரரு நிப்பாரே, வர்ற வண்டி பின்னாலயா ஓடுவாரு? அங்கியேதான நிப்பாரு? நீயும் நில்லு."

"பந்து அந்தப் பக்கம் போவுதேடா."

"போவட்டும். அங்க நா இருக்கறேன்."

அவன் எடுத்துக்கொள்வது எப்போதும் எல்லோருக்கும் பின்னால் நிற்கிற ஆளைத்தான். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. புதுச்சேரியில் அவன் பட்டனை அழுத்தி, அது எங்கள் ஆட்டத்துக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். முன்வரிசையில் நின்றால் அந்தத் தாமதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். பின்னால் நின்றால் வருவது முன்கூட்டியே தெரியும். எதிரணி நிற்கிற நிற்பை வைத்தே பந்து எங்கே வரும் என்று கணித்து, அது கிளம்பும் முன்பே அங்கே போய் நின்றுவிடுவான். அவன் பந்தைப் பறிக்கும்போது க்ளாரா சோபாவில் எழுந்து நின்று கத்துவாள். "சித்தப்பா, நீ லெஜண்ட்!" அந்த நேரத்தில் என் தோளை அவள் குலுக்குவாள். குலுக்குவது அவளுக்கே தெரியாது.

4

ஒரு சனிக்கிழமை அவன் நிறைய ஆட்களைத் தவறவிட்டான். மோத வேண்டிய இடத்தில் சும்மா நின்றான். நெட் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆட்டத்தின் நடுவில், பந்து கிளம்பக் காத்திருக்கும்போது, சாதாரணமாகச் சொன்னான்.

"அண்ணே, ரைட்டு கை கட்டவெரலு வேல செய்யல."

"என்னடா ஆச்சு?"

"கொஞ்ச நாளாவே விசில் புடிக்க வர்ல. கதிர்காமம் ஆஸ்பத்திரில பாத்தாங்க. அப்பறம் மெட்ராஸ்ல பாத்தாங்க. நரம்பு வியாதின்றாங்க. கையில ஆரம்பிக்குமாம்."

நோயின் இங்கிலீஷ் பெயரைச் சொன்னான். ஆரம்பித்து எங்கே போய் முடியும் என்று சொல்லவில்லை. அன்று ரெஜினா வேலையிலிருந்து வந்ததும் நோயின் பெயரைச் சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்தாள். ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

க்ளாரா அவனிடம் நேராகவே கேட்டாள். "சித்தப்பா, உன் கை செத்துடுச்சா?" மரத்துப்போவதற்கு அவளிடம் வேறு தமிழ்ச் சொல் இல்லை. நான் பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினேன். ஜெரோம் விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னும் சாவலம்மா. தூங்குது. எழுப்பிப் பாக்கறேன், எழுந்திரிக்க மாட்டேங்குது."

பட்டன்களை இடம் மாற்றிப்போட அந்த கேமிலேயே வசதி உண்டு. க்ளாரா அதைக் கண்டுபிடித்து, ஃபோனில் பிலோமினாவுக்குப் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தாள். மோதுவதற்கான வலது ஸ்டிக் வேலையை இடது கைக்கு எட்டும் ஒரு பட்டனுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் வலது ட்ரிக்கர் போனது. அவன் ஆள் ஓடுவதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான். அப்புறம் இடது ட்ரிக்கர். எதிராளியின் முகத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர்வதுதான் அவனுக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது. அது போன அன்று மட்டும் பாதி ஆட்டத்திலேயே போதும் என்று நிறுத்திக்கொண்டான்.

மழைக்காலம் முடிகிறபோது அவனால் கன்ட்ரோலரைப் பிடிக்கவே முடியவில்லை. "நா ஆடல. நா சொல்றேன், நீங்க ஆடுங்க" என்றான். ஒவ்வொரு முறையும் தடுக்கிற கேப்டனுக்குத் திரையில் மூன்று திட்டங்கள் வரும், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஜெரோம் "மேல", "நடு", "கீழ" என்பான். பிலோமினா அழுத்துவாள். எல்லோரும் பாய்ந்துபோய்ப் பந்து எறிகிறவனையே அமுக்குவது ஒரு திட்டம். ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஓடுவது ஒன்று. இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது ஒன்று. பின்வரிசையில் அவனுடைய ஆளைக் கணினியே நகர்த்தும். அந்த ஆள் ஜெரோம் மாதிரி இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

பிறகு பேச்சு குழறத் தொடங்கியது. எனக்கு அவன் சொல்வது பாதி புரியாது. க்ளாராவுக்குப் புரிந்தது. என் கூடப்பிறந்தவன் பேசும் தமிழை, தமிழ் சரியாக வராத என் மகள் எனக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

5

இனி போகாத காரணம். நிரந்தரமாகத் தங்குவதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிற ஆள் நான். அந்தக் காத்திருப்பில், அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். என்னோடு ரெஜினாவும் க்ளாராவும் அதே விண்ணப்பத்தில் இருக்கிறார்கள். நான் போனால் மூன்று பேருக்கும் போச்சு. நெருங்கிய உறவினர் சாகும் நிலையில் இருந்தால் அவசர அனுமதி கேட்கலாம். கேட்டேன்.

எங்கள் ஊர்ப் பிறப்புச் சான்றிதழைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'எத்தா சிவில்' என்று இன்னும் பெரியவர்கள் சொல்லுகிற அந்தப் பதிவில், நான் பிறந்தபோது அப்பாவின் பெயரைப் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் எழுதியிருக்கிறார்கள். ஜெரோம் பிறந்தபோது ஆங்கில எழுத்துக்கூட்டலில். அந்தக் காலத்தில் பாதிக் குடும்பங்களில் இப்படித்தான். அப்பா இரண்டையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார், யாருக்கும் எந்தத் தொந்தரவும் வந்ததில்லை.

குடியேற்ற அலுவலகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அதிகாரி இரண்டு சான்றிதழ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மரியாதையான பெண்மணி.

"இவர் உங்களுக்கு என்ன உறவு?"

"மை ஓன் ப்ரதர்" என்றேன். நம் ஊரில் அப்படித்தானே சொல்வோம். அவருக்கு அந்த 'ஓன்' புரியவில்லை. வேறு எப்படிப்பட்ட தம்பி இருக்க முடியும் என்பதுபோல் பார்த்தார்.

"மன்னிக்கணும். இந்தத் தாள்களின்படி உங்கள் அப்பா வேறு, அவர் அப்பா வேறு. இவர் உங்கள் சகோதரர் என்று காட்ட இதில் எதுவுமில்லை."

பெயரைத் திருத்தி வாங்கிவந்தால் பரிசீலிப்பதாகச் சொன்னார். பிலோமினா ஊரில் அலையத் தொடங்கினாள். கணவனைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, உறுதிமொழிப் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு நகல், சாட்சிகள் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தாள். அதற்கெல்லாம் ஆகிற காலம் ஆகத்தானே செய்யும்.

வீட்டில் க்ளாரா ஒரு நாள் வெடித்துவிட்டாள். "அப்பா, நீ போ! எங்களுக்கு என்ன ஆனாலும் பரவால்ல. ஜஸ்ட் கோ!" ரெஜினா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "அவ சொல்றது சரிதாங்க. போங்க" என்றாள். அவள் கண்ணில் பயம் தெரிந்தது. ஆனாலும் மனதாரத்தான் சொன்னாள்.

டிக்கெட் பார்க்கத் தொடங்கினேன். அந்த வாரம் ஜெரோமிடம் சொன்னேன். அப்போது அவனுக்குக் கொஞ்சம் பேச்சு மிச்சமிருந்தது. அவன் நீளமாக ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை. க்ளாரா பக்கம் திரும்பினேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "வராதேன்னு சொல்றாரு. வந்தா அம்மாவயும் என்னயும் தெருவுல விட்டுட்டு வந்த மாதிரியாம். பேப்பரோட வந்தா வா, இல்லன்னா நான் பேசமாட்டேன்னு சொல்றாரு."

நான் டிக்கெட் வாங்கவில்லை.

6

கடைசியாக நாங்கள் ஆடிய சனிக்கிழமையில் அவனிடம் பேச்சே இல்லை. கண் மட்டும்தான். பிலோமினா ஃபோனை அவன் முகத்துக்கு நேராக நிறுத்தியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போய், அப்பாவின் கடைசிக் கால முகம் அவனுக்கு வந்திருந்தது. கண்ணை உயர்த்தினால் மேலே உள்ள திட்டம், நேராகப் பார்த்தால் நடு, தாழ்த்தினால் கீழே.

ஆட்டம் முடிகிற கட்டம். நாங்கள் சிறிய வித்தியாசத்தில் முன்னால் இருந்தோம். எதிரணி, தாண்டினால் ஜெயித்துவிடுகிற எங்கள் கடைசிக் கோட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டது. அவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் மிச்சம். ஜெரோம் கண்ணைத் தாழ்த்தினான்.

"கீழ மாமா" என்றாள் பிலோமினா.

கீழே இருந்தது இடம் பிடித்து நிற்கிற திட்டம். எனக்கு வலது மூலை. பந்து கிளம்பியது. அவர்களில் ஒருவன் பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இடதுபக்கம் ஓடுவது தெரிந்தது. என் கை என்னை அறியாமல் அவன் பக்கம் போய்விட்டது. அவனிடம் பந்தே இல்லை. பந்து இன்னும் எறிகிறவன் கையில்தான் இருந்தது. அவன் நிதானமாக, நான் விட்டுவந்த மூலைக்கு எறிந்தான். அங்கே ஒருவன் தனியாக நின்று வாங்கிக்கொண்டான்.

தோற்றுவிட்டோம். நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, "சாரிடா ஜெரோம்" என்றேன்.

பிலோமினா ஃபோனைத் தன் பக்கம் திருப்பினாள். "சிரிக்கிறாரு மாமா. மொகத்துல தெரியாது. எனக்குத் தெரியும்."

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னால் அவன் போய்விட்டான். அடக்கப் பூசையை ஃபோனில் பார்த்தோம். நான், ரெஜினா, க்ளாரா, அதே சோபாவில். சவப்பெட்டியைத் தூக்கும்போது ஒரு கைப்பிடி காலியாக இருந்தது. யாரோ, "அண்ணன்காரன் வர்லியா?" என்று கேட்டதும், இன்னொருவர் "உஷ்" என்றதும் தெளிவாகக் காதில் விழுந்தது. அவன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒருவன் வந்து அந்தக் கைப்பிடியைப் பிடித்தான்.

7

திருத்திய சான்றிதழ் ஈஸ்டருக்குப் பிறகு கிடைத்தது. இப்போது தாளிலும் நாங்கள் ஒரே அப்பாவின் பிள்ளைகள். தம்பி குடும்பத்துக்கு உதவவேண்டிய நிலை என்று எழுதி மறுபடி விண்ணப்பித்தேன். ஆடி வெயிலில் ஊருக்குப் போக அனுமதி வந்தது.

உழவர்கரை வீட்டில் கேம் பெட்டி டி.வி.க்குக் கீழே துணி போட்டு மூடியிருந்தது. அதன் எதிரே கைவைத்த மர நாற்காலி. பிலோமினா டீ கொண்டுவந்து வைத்தாள்.

"அவனுக்கு அதுல ஒரு சந்தோஷம் இருந்திச்சே, அதாவது இருந்திச்சேன்னு நெனச்சுக்கறேன் பிலோ" என்றேன்.

அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"சொல்லலாமா வேணாமான்னு தெரியல மாமா. கடைசி ஆறேழு மாசம் அவருக்கு அதுல ஒரு ஆசையும் இல்ல. ஒக்கார வச்சா முதுவு, கழுத்து எல்லாம் நோவும். வேட்டிய மடிச்சு மார்ல சுத்தி நாக்காலியோட கட்டித்தான் வைப்பேன். முடிஞ்சதும் அவுத்துப் படுக்க வச்சா, ரெண்டு நாளக்கி நோவுல கண்ணுல தண்ணி வந்துட்டே இருக்கும். எதுக்குங்க இந்தக் கஷ்டம், மாமாகிட்ட சொல்லிடலாம்னு கேட்டேன். அப்ப பேச்சு கொஞ்சம் இருந்திச்சு. 'சனிக்கெழம நா வர்லன்னா அந்தப் பொண்ணு ரூம வுட்டு வெளிய வராது பிலோ. அண்ணன் தனியா ஒக்காந்திருக்கும்'ன்னாரு."

டீ ஆறிப்போனது. வெளியே பால்காரன் வண்டி வந்து நின்றது. அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய், பாலை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்வரை நான் அந்த நாற்காலியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது விமான நிலையத்துக்கு க்ளாராதான் காரோட்டிக்கொண்டு வந்திருந்தாள். இப்போது பதினேழு வயது. ஜெரோம் போன பிறகு அவள் அந்த கேமைத் தொடவில்லை. சனிக்கிழமைகளில் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குப் போகிறாள். அவள் பேச்சு மறுபடியும் "குட்" என்ற அளவில் வந்து நின்றுவிட்டது. வழியெல்லாம் நான் சொல்லவில்லை. வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும், ஜெரோம் எங்களுக்காகத்தான் ஆட வந்தான் என்று பிலோமினா சொன்னதை, வலியை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும்பா" என்றாள்.

"யாரு சொன்னா?"

"சித்தப்பாதான். கை நல்லா இருந்தப்பவே மெசேஜ் பண்ணினாரு. சனிக்கிழமை மட்டும் வா, அப்பாவுக்கு யாரும் இல்லன்னு. முதல்ல நான் அதுக்குத்தான் வந்தேன். அப்புறம்..."

இரண்டு கையும் ஸ்டீயரிங் மேலேயே இருந்தன. என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"அப்பா, சித்தப்பாவுக்கு உக்காந்திருந்தப்ப ரொம்ப வலிச்சுதா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா" என்றேன். "ரொம்ப."